ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்த பிறகு

ராத்திரி 11 மணிக்கு மேல் நெஞ்சு படபடவென்று அடித்து, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், "நம்ம கதை முடிஞ்சிருச்சு" என்று ஆட்டோவில் ஏறி எமர்ஜென்சி வாசலில் இறங்குகிறவர்கள் மதுரையில் நிறையப் பேர். விடிவதற்குள் அவர்களில் பலருக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "ஈ.சி.ஜி. நார்மல். பயப்பட ஒண்ணுமில்ல, கேஸா இருக்கும், வீட்டுக்குப் போங்க." நல்ல செய்திதான். ஆனால் அடுத்த வாரம் அதே படபடப்பு திரும்ப வந்தால் என்ன செய்வது என்று அந்தச் சீட்டில் இருக்காது. எனக்குக் கொடுத்த சீட்டிலும் இல்லை. கீழமாசி வீதி மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிற ஆள் நான். பேனிக் அட்டாக் என்கிற இந்த ஒரு விஷயத்தில் ஏறக்குறைய ஒரு வருஷமும் 45,000 ரூபாய்க்கு மேலும் போயிற்று. முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அதில் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும் என்று தோன்றுகிறவற்றை, நடக்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். சொந்தக் கதை குறைவாகவும் செய்முறை கூடுதலாகவும் இருக்கும்.

படபடப்பு வந்து போகிற அந்த அரை மணி நேரத்தில் உடம்புக்குள் நடப்பது இதுதான். ஏதோ ஆபத்து என்று மூளை தப்பாகக் கணக்குப் போட்டு அட்ரினலினை இறக்கிவிடுகிறது. இதயம் வேகமெடுக்கும், உள்ளங்கை வேர்க்கும், ரத்தம் பெரிய தசைகளுக்குத் திரும்புவதால் கை கால் சில்லிடும். கூடவே மூச்சு வேகமாகி, தேவைக்கு மேல் காற்று உள்ளே போய் வெளியே வரும். இங்கேதான் குழப்பம். மூச்சே வரவில்லை என்று தோன்றும். நிஜத்தில் மூச்சு கூடிப்போயிருக்கும். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, அதில் தனியாக இருக்கிற கால்சியம் குறைகிறது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருக் சுருக்கென்று மரப்பதும், சிலருக்கு விரல்கள் உள்பக்கமாக இழுத்துக்கொள்வதும் அதனால்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்குவதால் தலை சுற்றும், எதிரே இருப்பவர்கள் தூரத்தில் நிற்பது மாதிரித் தெரியும். தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவதில் விலாத் தசை இறுகி நெஞ்சு வலிக்கும். டாக்டர்கள் இதைத்தான் பேனிக் அட்டாக் என்பார்கள். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், 20 முதல் 30 நிமிடத்தில் தானாக இறங்கும். மயங்கி விழுந்துவிடுவோம் என்கிற பயம் எல்லாருக்கும் வரும். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருப்பதால் அப்படி விழுவது அபூர்வம். ஊசியையோ ரத்தத்தையோ பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் கணக்கு வேறு, அவர்களுக்கு அழுத்தம் இறங்கும்.

இதைப் படித்துவிட்டு, முதல் தடவை நெஞ்சு வலிக்கும்போதே "இது வெறும் பதற்றம்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் தடவை கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலும், மாடி ஏறும்போது கூடி உட்கார்ந்தால் குறைந்தாலும், நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தினாலும், நிஜமாகவே மயங்கி விழுந்தாலும் யோசிக்காமல் 108. சர்க்கரை, பிரஷர், சிகரெட் பழக்கம், குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு என்று ஏதாவது இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. எமர்ஜென்சியில் ஈ.சி.ஜி.யோடு டிரோபோனின் என்கிற, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற பொருளுக்கான பரிசோதனையும் எடுப்பார்கள். வலி தொடங்கிய உடனே எடுத்தால் அது ஏறியிருக்காது என்பதால் சில மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை எடுப்பது முறை. "பில்லு ஏத்துறாங்க" என்று பாதியில் கிளம்பிவிடக் கூடாது. கிளம்பும்போது ஈ.சி.ஜி. தாள், ரத்த ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஈ.சி.ஜி. பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகிற தாளில் வரும். மதுரை வெயிலில் பீரோ மேலே கிடந்தால் வெளுத்துப்போய், கோடே தெரியாது. அன்றைக்கே செல்லில் படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வைத்துவிடுங்கள். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது பழைய ஈ.சி.ஜி.யைத்தான். இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பொதுவாக 24 மணி நேரம் அட்மிஷன் இருந்தால்தான் கிளெய்ம் கிடைக்கும். ராத்திரி போய்க் காலையில் திரும்பினால் அந்த எட்டாயிரம் பத்தாயிரம் கைக்காசுதான்.

அதற்குப் பிறகு வருவது காசு கரைகிற கட்டம். எக்கோ, டிரெட்மில், 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்டர், மாஸ்டர் செக்கப், வயிற்றுக்கு எண்டோஸ்கோபி, தலைக்கு ஸ்கேன். ஒவ்வொன்றும் நார்மல் என்று வந்ததும் ரெண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், "இதுல தெரியாதது ஏதாவது உள்ள இருந்தா?" என்று ஒரு யோசனை தலை தூக்கும். கடைசிப் பரிசோதனை என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது காசு போன பிறகுதான் புரியும். இதயம் சரி என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டால், பதற்றத்தைப் போலவே வேஷம் போடுகிற வேறு சிலவற்றை மட்டும் தள்ளிவிட்டால் போதும். தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், வெறும் வயிற்றில் சர்க்கரை, ஒழுங்காக எடுத்த பிரஷர். இந்த நான்குக்கும் பெரிய செலவு இல்லை, அரசு ஆஸ்பத்திரியில் செலவே இல்லை. அதோடு, நீங்கள் ஏற்கெனவே எடுத்துக்கொள்கிற மருந்துகளை டாக்டரிடம் காட்டுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற சால்பியூட்டமால், மூக்கடைப்புக்குக் கடையில் வாங்குகிற சளி மாத்திரை, தேவைக்கு மேல் போன தைராய்டு மாத்திரை ஆகிய மூன்றுமே நெஞ்சைப் படபடக்க வைக்கும். ஒரே டாக்டர், ஒரே ஃபைல். நாலு டாக்டரிடம் போனால் நாலு தடவை ஒரே பரிசோதனைதான் நடக்கும்.

வீட்டிலும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மதினி, "தம்பிக்கு எங்கயோ பயந்த கோளாறு, பாண்டி கோயில்ல போயி ஒரு கயிறு கட்டிட்டு வரச் சொல்லுங்க" என்பார். அப்பத்தா வேப்பிலையை எடுத்து வருவார். கடையில், "உனக்கென்ன மாப்ளே குறைச்சல், சும்மா எதையாவது யோசிச்சுக்கிட்டு" என்பார்கள். இந்தக் கடைசிப் பேச்சுதான் ஆளைக் கொல்லும். வேண்டுமென்றே யோசித்து வரவழைத்தது போல ஒரு கூச்சம் வந்து, அதன் பிறகு யாரிடமும் வாயைத் திறக்க மனசு வராது. கடை பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவதுதான் மிச்சம். திருநீறும் கயிறும் ஆறுதல் தருகிறதென்றால் அதில் ஒரு கெடுதலும் கிடையாது, நானும் கட்டியிருக்கிறேன். பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் கேட்டாலோ, மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு பெரிய பள்ளம், வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிற ஆக்சிமீட்டரும் பிரஷர் மெஷினும் வாங்கி வைத்த நாளிலிருந்து படபடப்பு கூடும், குறையாது. விரலில் மாட்டிப் பார்த்தால் 98 காட்டும், உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காகவே பத்து நிமிடத்தில் மறுபடி மாட்டத் தோன்றும். கை சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ 92 என்று தப்பாகக் காட்டும், அன்றைய ராத்திரி போச்சு. பிரஷரும் அப்படித்தான். பயத்தோடு எடுத்தால் ஏறித்தான் இருக்கும், அதைப் பார்த்த பயத்தில் அடுத்த தடவை இன்னும் ஏறும். டாக்டர் அளக்கச் சொல்லியிருந்தால் முறையாக அளக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து எழுதிக்கொண்டு, மெஷினை உள்ளே வைத்துவிட வேண்டும். அதுவும் டாக்டர் சொன்ன நாளில் மட்டும். டாக்டர் சொல்லவில்லை என்றால் மெஷினைச் சொந்தக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நாடியைத் தொட்டு எண்ணுவதும், கூகுளில் அறிகுறி தேடுவதும் இதே ரகம்தான். ஒரே நாளில் நிறுத்த முடியாது. கை போகும்போது "15 நிமிடம் கழித்துப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தால் தேய்ந்துவிடும்.

மனநல டாக்டரிடம் போகத்தான் எல்லாரும் கடைசி வரை தயங்குகிறோம். ரெண்டாவது தடவை ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்ததும் போய்விட வேண்டும் என்பது என் கருத்து. மதுரையில் பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது கோரிப்பாளையம் பக்கம் அரசு இராசாசி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காலை நேரத்து ஓ.பி., மாத்திரையும் இலவசம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று தாலுகா ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளலாம். போவதற்கு முன்னால் பேச மட்டும் ஆள் வேண்டும் என்றால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் அது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. செத்துப்போய்விடலாமா என்கிற எண்ணம் தலைகாட்டினால் நாளைக்கு என்று தள்ளாமல் அப்போதே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குக் கொடுக்கிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு கொடுத்தாக வேண்டும். பொதுவாக ஓ.பி. செலவு வராது, அட்மிஷனுக்குப் பொருந்தும்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் ரெண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். எஸிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை தினமும் எடுப்பது. வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல் இருக்கும், படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யும். இதைச் சொல்லாமல் அனுப்புவதால்தான் பாதிப் பேர் நாலாம் நாளே "ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இவை போதைப் பழக்கம் ஆவதில்லை. ஆனால் நன்றாக இருக்கிறது என்று நாமாகச் சட்டென்று நிறுத்தினால் தலைக்குள் ஷாக் அடிப்பது போல இருக்கும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அல்பிரஸோலாம், குளோனஸிபாம் இன்னொரு வகை. அரை மணி நேரத்தில் அமைதி கொடுக்கும், அதுதான் அதன் ஆபத்தும். சில வாரங்களுக்கு மேல் போனால் உடம்பு அதைக் கேட்கத் தொடங்கும், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கும். அல்பிரஸோலாம், டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 பட்டியலில் இருப்பது. தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் "அண்ணே, அந்தத் தூக்க மாத்திரை ஒரு அட்டை" என்று சீட்டில்லாமல் வாங்கித் தின்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், கொடுக்கிறவர் மேல் இன்னும் கூடுதலாக. படபடப்புக்கு நல்லது என்று பக்கத்து வீட்டுக்காரரின் புரோப்ரனலாலை வாங்கி விழுங்குவதும் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

இனி தினசரி பழக்கங்கள். எல்லாருக்கும் தெரிந்தவைதான். செய்கிற விதத்தில்தான் தப்பு நடக்கிறது. முக்கியமான தப்பு, படபடப்பு வந்த பிறகு மட்டும் செய்வது. மூச்சுப் பயிற்சியை நல்ல நாளில் பழகாமல் அட்டாக் நடுவில் முதல் தடவையாகச் செய்து பார்த்து, "இதெல்லாம் வேலைக்காவாது" என்று விட்டவர்கள்தான் அதிகம். வைகையில் தண்ணீர் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்ள முடியாது. காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம், மனசு நன்றாக இருக்கிற நாளிலும் செய்ய வேண்டும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மெதுவாக உள்ளே இழுங்கள்; வயிற்றுக் கைதான் எழ வேண்டும், நெஞ்சுக் கை அசையக் கூடாது. 6 எண்ணும் வரை வெளியே விடுங்கள், மூக்கு வழியாகவோ உதட்டைக் குவித்தோ. ஒரு மூச்சுக்கு 10 விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு. வெளியே விடுவது நீண்டால்தான் இதயத் துடிப்பு இறங்கும்.

இதில் தப்பு எங்கே என்றால், "நல்லா ஆழமா இழு" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். பெரிதாக இழுத்தால் ஏற்கெனவே குறைந்துபோன கரியமில வாயு இன்னும் குறைந்து மரப்பும் தலைசுற்றலும் கூடும். சாதாரண மூச்சின் அளவே போதும், வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். 4-6 முட்டினால் 3-4இல் தொடங்கலாம். மூச்சை அடக்கி நிறுத்த வேண்டாம். பேப்பர் பையை வாயில் வைத்து ஊதுகிற பழைய வழக்கத்தை இப்போது டாக்டர்கள் சொல்வதில்லை. வந்தது இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ ஆக இருந்தால் அது ஆபத்து. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்துவைத்து, சுற்றிப் பார்க்கிற 5 பொருள், தொடுகிற 4, கேட்கிற 3 சத்தம், 2 வாசனை, 1 ருசி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரலாம். எங்கள் மண்டியில் வாசனைக்குப் பஞ்சமில்லை. மிளகாய் வற்றல் மூட்டை ஒன்று போதும், தும்மலில் பயமே மறந்துபோகும்.

தசையைத் தளர்த்துகிற பயிற்சி படுக்கப் போகும் முன் 15 நிமிடம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்னால் வகுத்த முறை இது. முஷ்டியை 5 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு 15 முதல் 20 விநாடி அந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அப்புறம் புஜம், நெற்றி, இறுக மூடிய கண், தாடை, காது வரை தூக்கிய தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று இறங்க வேண்டும். முழு பலத்தில் இறுக்காதீர்கள், முக்கால் பலம் போதும். கெண்டைக்காலுக்குப் பாதத்தைக் கீழே நீட்டினால் குரக்களி பிடித்துக்கொள்ளும். விரல்களை முகத்தைப் பார்த்து மேலே இழுக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. ராத்திரி 11 மணிக்கு நாலு பரோட்டா, சால்னா, ஒரு கறி தோசை என்று சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரியும். அந்த எரிச்சலை மனசு மாரடைப்பு என்று படித்துவிடும், அங்கிருந்து படபடப்பு கிளம்பும். "கேஸ்" என்று சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. படுப்பதற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்னால் சாப்பாட்டை முடித்துவிட்டால் ராத்திரி அட்டாக்கில் ஒரு பகுதி அப்படியே நின்றுவிடும். இதைவிடப் பெரிது காபி, டீ. கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயந்திரம் 5 மணி டீயில் பாதி ராத்திரி 10 மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் யார் வந்தாலும் டீ சொல்வது நம் ஊர் மரியாதை என்பதால் எத்தனை குடித்தோம் என்ற கணக்கே இருக்காது. ஒரு நாள் எழுதிப் பாருங்கள். அடியோடு ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும், அதுவே புதுப் பயத்தைக் கிளப்பும். ரெண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை அரை டம்ளர் குறைத்துக்கொண்டே வந்து, மதியத்துக்கு முன் ஒன்றோ ரெண்டோ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். சாயந்திரத்துக்குச் சுக்குமல்லி, பருத்திப்பால் என்று நமக்கு வழியா இல்லை. குடித்தால் தூக்கம் வரும் என்று சாராயத்தை நம்புகிறவர்களுக்கு மறுநாள் விடியற்காலையில் தூக்கம் கலைந்து, படபடப்பு வட்டியோடு வரும்.

தூக்கத்தில் பிடிக்க வேண்டிய நூல் எழுகிற நேரம். படுக்கிற நேரத்தை நம்மால் கட்டாயப்படுத்த முடியாது, எழுகிற நேரத்தை முடியும். ராத்திரி எப்படிப் போனாலும் காலை 5.30 என்றால் ஞாயிற்றுக்கிழமையும் 5.30. படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். மணி பார்க்காதீர்கள். பகலில் படுத்தால் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஆடி மாசம் தெருவில் குழாய் கட்டி விடிய விடிய பாட்டுப் போட்டால் ஒன்றும் செய்ய முடியாது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நடைக்குத் தெப்பக்குளம் சுற்று நல்ல இடம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும், மூன்று சுற்றில் அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். அதாவது 5 நாள், அரை அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். அட்டாக் வந்தவர்களுக்கு நடப்பதே பயமாக இருக்கும், ஏனென்றால் வேகமாக நடந்தால் நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், மூச்சு வாங்கும். எல்லாம் அதே அறிகுறி. அதனால்தான் நடக்க வேண்டும். நெஞ்சு வேகமாக அடிப்பது ஆபத்தில்லை என்று மூளைக்குப் பாடம் எடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது. இதயம் சரி என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டிலேயே நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடி நெஞ்சை அடிக்க வைத்து, உட்கார்ந்து அது தானாக இறங்குவதைப் பார்க்கலாம். கர்ப்பிணிகளும் வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

கவலைக்கென்று தினமும் ஒரு நேரம் ஒதுக்குவது கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. சாயந்திரம் 6.30 முதல் 6.45, படுக்கையறையில் வேண்டாம், கையில் ஒரு நோட்டு. பகலில் கவலை வந்தால் ஒரே வார்த்தையாகக் குறித்து, "ஆறரைக்கு" என்று தள்ளிவிடுங்கள். அந்த நேரத்தில் ரெண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்: என் கையில் இருப்பது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம். கையில் இருப்பதற்கு நாளைக்குச் செய்கிற ஒரு காரியம் மட்டும் எழுத வேண்டும். பாதிக் கவலை ஆறரைக்குள் காலாவதியாகியிருக்கும். அதே நோட்டின் பின்பக்கத்தில் தேதி, தூங்கிய மணி, டீ எண்ணிக்கை, பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். கணக்கு எழுதுகிறவர்களுக்கு மாதாமாதம் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 3பி என்கிற ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்கிற நெருக்கடி தெரியும். படபடப்பு 20 அன்று வரவில்லை, வேலை முடிந்து ஓய்ந்த 21, 22இல் வந்தது என்று இந்த நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. காரணமும் அதிலேயே இருந்தது: முந்தைய நாலு நாளும் தூக்கம் பாதி, டீ இருமடங்கு, மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

அட்டாக் வந்த இடத்தைத் தவிர்ப்பது இயல்பு. பஸ்ஸில் வந்தால் பஸ், மீனாட்சி கோயில் வரிசையில் வந்தால் கோயில், அப்புறம் கல்யாண வீடு, கடைசியில் வீட்டு வாசல் தாண்ட முடியாது. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். படியாகப் பிரித்து ஏற வேண்டும். பஸ் என்றால், முதலில் பெரியார் பஸ் நிலையத்தில் 10 நிமிடம் சும்மா நிற்பது. அடுத்து துணையோடு சிம்மக்கல் வரை. அப்புறம் தனியாக சிம்மக்கல். அதன் பிறகு பாலம் தாண்டி கோரிப்பாளையம், சாயந்திர நெரிசலில் அதே தூரம், கடைசியில் மாட்டுத்தாவணி. ஒவ்வொரு படியையும் பதற்றத்தின் தொடக்க மதிப்பெண் பாதியாகும் வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகே அடுத்த படி. இதில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம், படபடப்பு ஏறும்போது இறங்கிவிடுவது. இறங்கியதும் நிம்மதி வரும், "இறங்கினதாலதான் பிழைச்சோம்" என்று மூளை பதிந்துகொள்ளும். உட்கார்ந்தே இருங்கள், அது ஏறி, தானாக இறங்கட்டும். பையில் வைத்திருக்கிற மாத்திரை, தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் தயாராக இருக்கும் டாக்டர் நம்பர் எல்லாம் துணைக் கட்டைகள். கடைசிப் படி, அவை இல்லாமல் போய் வருவது. இதைக் கூட இருந்து நடத்திக்கொடுக்க மனநல ஆலோசகர் கிடைத்தால் நல்லது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கூட இருப்பவர்களுக்கு: "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று சொல்லாதீர்கள், அது காதில் ஏறாது. விசிறுவது, தண்ணீரை முகத்தில் அடிப்பது, நாலு பேரைக் கூப்பிடுவது எதுவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இது முன்னாடி வந்ததுதான், கொஞ்ச நேரத்துல இறங்கிரும், நான் இங்கதான் இருக்கேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அவர்களோடு சேர்ந்து மெதுவாக நீங்களும் மூச்சு விடுங்கள். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை சொன்னால் போதும், பிறகு, "ஏற்கெனவே சொல்லிட்டேன்ல, வா, மூச்சை எண்ணுவோம்" என்று திருப்பிவிடுங்கள்.

குறைந்த பிறகு மறுபடி தலைகாட்டும். மார்ச் கணக்கு முடிப்பிலோ, வீட்டில் ஒரு காய்ச்சல் வந்த பிறகோ, காரணமே இல்லாமலோ. அப்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடித்து இழுக்க வேண்டாம். முதல் மூன்று நாள் எழுகிற நேரமும் டீயும் மட்டும். அடுத்து மூச்சுப் பயிற்சி, நடை. விட்டுப்போன பஸ் படியைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய அறிகுறிக்குப் புது ஸ்கேன் வேண்டாம். புது விதமான வலி என்றால் மட்டும் போய்ப் பாருங்கள். மூன்று வாரம் ஆகியும் நோட்டில் மதிப்பெண் இறங்கவில்லை என்றால் மனநல டாக்டரிடம் திரும்பப் போக வேண்டியதுதான். பழைய ஃபைலோடு, எந்த மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எப்போது குறைத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று ஒரு தாளில் எழுதி மேலே வைத்துக் கொண்டுபோங்கள். ஓ.பி.யில் கிடைக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் டாக்டர் பார்க்கப் போவது அந்த ஒரு தாளைத்தான்.